பெண்கள் தீவில் எங்கே சாப்பிடுவது

06.01.1996, சனி

புதுக் கொப்பி. இதில் என்னென்ன வரும் என்று முதலில் ஒழுங்குபடுத்திக்கொள்கிறேன். நில அளவைக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் படம் வரைந்தவன் நான். எல்லைக்கோடு போடாமல் உள்ளே எதையும் வரைய எனக்கு வராது.

1. போகும் இடம்: மெக்சிக்கோவில் இஸ்லா முகேரெஸ் என்ற சிறு தீவு. பெப்ரவரி 10 சனி போய், 17 சனி திரும்புவது.
2. வேரோனிக்காவின் வயிறு இப்போது ஏற்பவை, ஏற்காதவை.
3. தீவில் சாப்பிடக்கூடிய கடைகள். நாளொன்றுக்கு ஒரு கடை, அது பூட்டியிருந்தால் மாற்றுக்கடை ஒன்று.
4. கடையில் கேட்கத் தேவையான ஸ்பானியச் சொற்கள்.
5. இந்த ஏற்பாடு முழுவதும் அவளுக்காக. என் சாப்பாட்டைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எனக்கு எதுவும் போதும்.
6. அவளுக்குச் சொல்லாதது.

07.01.1996, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்து அவள் படுத்துவிட்டாள். என் கொப்பிகளை நாற்பத்து நான்கு வருடத்தில் ஒருநாளும் அவள் திறந்ததில்லை. ஆகவே ஆறாவதை எழுதலாம்.

டிசம்பர் 12 அன்று டொக்டர் எங்கள் மூவரையும் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார். வயிற்றில் இருப்பது புற்று. வெட்டி எடுக்கும் கட்டம் தாண்டிவிட்டது. எங்கேயாவது போக விரும்பினால் மார்ச் மாதத்துக்கு முன் கூட்டிக்கொண்டு போங்கள். மகள் மக்டலீன் அதைக் கேட்டுவிட்டுத் தாயின் பக்கம் திரும்பி, "குடலிலை புண்ணாம் அம்மா, ஆறக் கொஞ்ச நாள் எடுக்குமாம்" என்று மொழிபெயர்த்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். மறுக்கவில்லை. அப்படிச் சொல்லத்தான் வேண்டும் என்று எங்கள் ஆட்கள் எல்லோரும் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேனா?

புதுவருடத்தன்று மக்டலீன் பயணக் கந்தோரிலிருந்து விளம்பரத் தாள்களை அள்ளிக்கொண்டு வந்தாள். லூர்துத் தாள் மேலே இருந்தது. வேரோனிக்கா அதை எடுத்து அடியில் வைத்துவிட்டு, நீலக் கடல் படம் போட்ட ஒன்றை இழுத்தாள். பெயரின் பொருள் பெண்கள் தீவு என்று மருமகன் றொபேட் வாசித்துச் சொன்னான். "அப்ப அங்கை ஆம்பிளையள்தான் சமைப்பினம்" என்றாள். மகள் விடவில்லை, மாதாவிடம் போனால் நல்லதல்லவா என்று கெஞ்சினாள்.

"லூர்துக்குப் போனால் சுகம் கேக்கவேணும் பிள்ளை. இஞ்சை போனால் சாப்பாடு கேட்டால் போதும்."

பிறகு என்னைப் பார்த்தாள். "கலியாணம் கட்டின நாளிலையிருந்து என்னை ஒரு கடைக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனனீங்களே?"

இல்லை. ஒருமுறையும் இல்லை.

10.01.1996

ஏற்பவை: கஞ்சி அரைக் கோப்பை. வடித்த சூப். பாணின் உட்பகுதி, தேநீரில் தோய்த்து. மீன் அவித்தது, இரண்டு விரல் அளவு. ஏற்காதவை: பால், பருப்பு, தேங்காய்ப்பால் கூடின எதுவும், மாலையில் எதுவும். இப்போது அவள் நாற்பத்தொரு கிலோ. இப்படி வயிறு உள்ள ஒருத்தி சாப்பிடுவதற்காகக் கடல் கடந்து போகவேண்டும் என்கிறாள். எனக்கு இதில் கணக்குச் சரிவரவில்லை.

14.01.1996

லைப்ரரியில் இரண்டு புத்தகங்கள். தீவு ஐந்து மைல் நீளம், அரை மைல் அகலம். கடைகள் எல்லாம் வட முனையில், நடக்கும் தூரத்துக்குள். ஒரு புத்தகம் கடற்கரைக் கடைகளில் சாப்பிடு என்கிறது; மற்றது அங்கே போகாதே, உள்வீதிகளில் சாப்பிடு என்கிறது. ஒன்று, ஐஸ் போட்டதைத் தொடாதே என்கிறது. மற்றது ஐஸ் போட்ட எலுமிச்சம் தண்ணீரைத் தவறவிடாதே என்கிறது. இரண்டையும் எழுதியவர்கள் படித்தவர்கள்தான். அங்கே போகாத நான் எதை நம்புவது?

வீதிப்படத்தைப் பெரிதாக்கி வரையத் தொடங்கியிருக்கிறேன். ஒரு அங்குலம் நூறு அடி.

17.01.1996

மூன்று கடைகளை வெட்டினேன். பிறகு ஒன்றைத் திரும்பச் சேர்த்தேன்.

20.01.1996, சனி

அருள்நாயகம் வந்தார். எங்கள் கட்டடத்தில் நான்காம் மாடி. நகரத்துக்குள் ஒரு மெக்சிக்கன் உணவகத்தில் சமையல்காரர். நான்தான் வரச்சொல்லிக் கேட்டிருந்தேன். கேட்க மூன்று நாள் எடுத்தது. லிஃப்டில் இரண்டு தடவை கண்டும் வாய் வரவில்லை.

மெக்சிக்கோ ஆட்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"எனக்கு எப்பிடித் தெரியும் அண்ணை? எங்கடை குசினியிலை ஆறு பேர். அஞ்சு பேர் யாழ்ப்பாணம், ஒராள் வவுனியா. மெக்சிக்கோக்காரன் ஒருத்தனை நான் கண்ணாலை காணேல்லை."

ஆனால் நல்லதொன்று சொன்னார். கடையின் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள், பின்கதவுக்குப் போங்கள். வேலை செய்கிற ஆட்கள் அந்தக் கடைச் சாப்பாட்டைத் தாங்களே சாப்பிட்டுக்கொண்டு நின்றால் உள்ளே போகலாம் என்றார். குறித்துக்கொண்டேன். முன்கதவால் போகவே கால் கூசுகிற நான் பின்கதவுக்குப் போய் எட்டிப்பார்ப்பதா?

வேரோனிக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அருள்நாயகம் சீனி கூடவா குறையவா என்று என்னைக் கேட்டார். எதெண்டாலும் பரவாயில்லை என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு விளங்கவில்லை.

25.01.1996

காலையில் கஞ்சி குடித்தாள். பத்து மணிக்கு எல்லாம் வெளியே வந்துவிட்டது. வாந்திப் பேசினைக் கழுவிவிட்டு வந்தேன். அவள் கதிரையில் இருந்தபடி, "இண்டைக்கு எத்தினை கடை முடிச்சனீங்கள்?" என்று கேட்கிறாள்.

மக்டலீனுக்கு ரெலிபோன் எடுத்தேன். போகவேண்டாம், அங்கே போய் ஏதும் நடந்தால் நான் எந்தப் பாஷையில் ஆரைக் கூப்பிடுவது என்றேன். அவள் சொன்னாள்: "போகேல்லை எண்டால் அம்மா ஏனெண்டு கேப்பா, அப்பா. என்ன சொல்லுவம்? வெறும் புண்தானே அவவுக்கு."

நாங்கள் சொன்ன பொய்யே எங்களைக் கட்டி விமானத்தில் ஏற்றுகிறது.

31.01.1996

பதினான்கு கடைகள். ஏழு முதற்கடை, ஏழு மாற்றுக்கடை. படம் முடிந்தது. சிவப்பு மையில் கடை, பச்சையில் மாற்று, நீலத்தில் கழிவறை உள்ள இடங்கள். சொற்கள் நாற்பது. இவ்வளவும் செய்த பிறகும் பயம் போகவில்லை. அவள் ஒரு கரண்டி சாப்பிடாமல் திரும்பி வந்தால்? அவள் கேட்ட ஒரே ஒரு காரியம். அதிலும் நான் பிழை விட்டால்—

09.02.1996, வெள்ளி

மகள் வீடு இருக்கும் மில்லிக்கனிலிருந்து றொபேட் நாளைக் காலை ஐந்து மணிக்குக் காரோடு வருகிறான். கொப்பி கைப்பையின் பக்கப் பொக்கற்றுக்குள். இனித் தீவில் எழுதுவேன்.

18.02.1996, ஞாயிறு

தீவில் ஒரு சொல்லும் எழுதவில்லை. கொப்பி இங்கே, குசினியில், அரிசி வாளியின் மேல் இருந்தது. நேற்று வந்து இறங்கியதும் கண்டேன்.

நடந்ததை ஒழுங்காக எழுதப்பார்க்கிறேன்.

விமானத்தில் பையைத் துழாவியபோது கொப்பி இல்லை. மூன்று முறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தேன். கொப்பி இல்லை என்று அவளிடம் சொன்னேன். "கண் இருக்கு, வாய் இருக்கு" என்றுவிட்டு யன்னலால் முகிலைப் பார்த்தாள்.

பஸ், பிறகு வள்ளம், அரை மணித்தியாலம். சின்னத் தீவு. ஒருவரும் அவசரப்படவில்லை. நாய்கள்கூட வீதிக்கு நடுவே படுத்திருந்தன. எங்கள் விடுதியில் சாப்பாடு இல்லை, அறை மட்டும். மாலை நான்கு மணிக்கு அவளைச் சதுக்கத்தில், கோயில் வாசலுக்கு எதிரே இருந்த குந்தில் இருத்திவிட்டுக் கடை பார்க்கப் போனேன். படம் தலைக்குள் இருந்தது. ஆனால் நான் வரைந்த வீதிக்கும் அந்த வீதிக்கும் சம்பந்தமில்லை. முதற்கடை பூட்டி, உள்ளே சீமெந்து குழைத்துக்கொண்டிருந்தார்கள். மாற்றுக்கடை இப்போது சப்பாத்துக் கடை. ஒன்பது கடைகளைத் தாண்டினேன். ஒவ்வொரு வாசலிலும் ஒருவன் நின்று சிரித்துக்கொண்டு அட்டையை நீட்டினான். ஒவ்வொருவனுக்கும் தலையாட்டிவிட்டு நடந்தேன். எழுபத்தொரு வயது. படித்தவன். சாப்பாட்டுக் கடைக்குள் நுழையப் பயந்து வேர்த்துக்கொண்டு ஓடுகிறேன். அங்கே அவள் பசியோடு இருக்கிறாள். ஐயோ, என்ன மனுசன் நான்!

பின்வீதியில் ஒரு வீடு. சுவரில் கையால் எழுதியிருந்தது: கொசினா எக்கொனோமிக்கா. இரண்டு தடவை வாசித்தேன். கொசினா. குசினி! போர்த்துக்கீசன் எங்களுக்கு விட்டுப்போன சொல்லை அவனுடைய பக்கத்து வீட்டுக்காரன் ஸ்பானியன் இங்கே சுவரில் எழுதி வைத்திருக்கிறான். சிக்கனக் குசினி. முன்னறையில் நான்கு மேசை, பிளாஸ்ரிக் விரிப்பு. அடுப்படியில் ஒரு தடித்த பெண். ஓரமாக இருந்து அவளுடைய ஆட்களே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய் வேரோனிக்காவைக் கூட்டிவந்தேன். வாசலில் நின்று, நான் மனப்பாடம் செய்த நாற்பது சொல்லில் ஒன்றும் வராமல், "மேசை?" என்றேன்.

"மெசா, சீ" என்று அந்தத் தடித்த பெண் கதிரையை இழுத்தாள். சீ என்றால் அவர்கள் பாஷையில் ஓம்.

"பாண்?" என்றேன். பாண் வந்தது.

பிறகுதான் சங்கடம். அந்தப் பெண் என்ன வேண்டும் என்று என்னைக் கேட்டாள். நான் வேரோனிக்காவைக் காட்டினேன். வேரோனிக்கா கையைக் கட்டிக்கொண்டாள்.

"நீங்கள் முதல் சொல்லுங்கோ. பிறகு நான்."

"எனக்கு எதெண்டாலும் பரவாயில்லை. உமக்கு வயிறு—"

"எதெண்டாலும் எண்டது இஞ்சை விக்கிறேல்லை. உங்களுக்கு என்ன வேணும்?"

கெஞ்சிப் பார்த்தேன். கோபித்தும் பார்த்தேன். அவள் சாப்பிடமாட்டாள் என்பது நிச்சயமாகத் தெரிந்தது. அந்தக் குசினிக்காரி நிலைமையை எப்படி விளங்கிக்கொண்டாளோ, என் கையைப் பிடித்து அடுப்படிக்குக் கூட்டிப்போய் மூன்று பானை மூடிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். கறுப்பு அவரை. கோழி சூப், மேலே எலுமிச்சை வட்டங்கள். சிவப்பாக ஒரு மீன். நான் நின்றேன். எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அல்லது கேட்டவளுக்கு நான் பதில் சொன்னதில்லை. கடைசியில் மீனைக் காட்டினேன்.

வேரோனிக்கா சூப் கேட்டாள். எலுமிச்சை வாசம் பிடித்து, ஏழு கரண்டி குடித்தாள். நான் எண்ணினேன். ஒரு மாதத்தில் அதுதான் ஆகக் கூட.

19.02.1996

மீதியையும் எழுதிவிட வேண்டும்.

ஞாயிறும் திங்களும் அதே குசினி. செவ்வாய் தெற்குக் கரையில் ஒரு கூரைக் கொட்டில். மீனுக்குச் சிவப்பு விதை அரைத்துப் புளித்தோடம்பழச் சாற்றில் குழைத்துப் பூசி, வாழையிலையில் வைத்துச் சுடுகிறார்கள். முள் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். உள்ளங்கை அளவு சாப்பிட்டாள். கடலைப் பார்த்துக்கொண்டு, குரலில் மாற்றமே இல்லாமல் கேட்டாள்:

"ஆறாம் இலக்கத்தை எப்ப எனக்குச் சொல்லுறதா யோசினை?"

கையிலிருந்த மீனைத் திரும்ப இலையில் வைத்தேன்.

"ஒளிக்கிறதுக்கும் இலக்கம் போட்டு ஒளிக்கிற ஆள் உலகத்திலை நீங்கள் ஒராள்தான்" என்றாள். சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள்.

கொப்பியை வாசித்தபோதுதான் தெரிந்ததா என்று கேட்டேன். இல்லையாம். அன்றைக்கே தெரியுமாம்.

"மக்டலீன் புண் எண்டு சொல்லேக்கை அந்த நேர்ஸ்பிள்ளை என்ரை கையைப் பிடிச்சவ. புண்ணுக்கு ஆரும் கையைப் பிடிப்பினமே?"

இரண்டு மாதம் எங்களை நடிக்க விட்டிருக்கிறாள். மகளிடம் சொல்லவேண்டாம், அவள் தாங்கமாட்டாள் என்றாள். இப்போது மகளுக்குத் தெரியாமல் நாங்கள் இருவரும் ஒளிக்கிறோம். கொப்பியைப் பைக்குள்ளிருந்து எடுத்து அரிசி வாளியில் வைத்தது தான்தான் என்றும் சொன்னாள். ஏன் என்று கேட்டேன். இன்னொரு துண்டு மீனை என் பக்கம் தள்ளி, உப்புக் காணுமா, காணாதா என்று கேட்டாள். காணாது என்றேன். உப்பு வாங்கிவரச் சொன்னாள். போய் வாங்கி வந்தேன்.

வியாழன் முழுவதும் சத்தி, தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. நான் அறைக்கு வெளியே நின்று அழுதேன். வெள்ளி மாலை சதுக்கத்தில் கார்னிவல் தொடங்கியது. யன்னலில் இருந்து பார்த்தாள். குசினிக்குப் போய்ச் சூப் வாங்கி வா என்றாள். தனியே போனேன், கேட்டேன், வாங்கி வந்தேன். அவள் இரண்டு கரண்டி. மீதியை நான் அவள் முன்னால் குடித்து முடிக்கவேண்டும் என்றாள்.

21.02.1996, விபூதிப் புதன்

கோயிலுக்கு எழும்ப முடியவில்லை. என் நெற்றியிலிருந்த சாம்பலைத் தொட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

09.03.1996, சனி

ஆசுப்பத்திரியில் வைத்துவிட்டார்கள். குழாயால் மட்டும். வாயால் இனி ஒன்றும் இல்லை.

11.03.1996

பின்னேரம் போனதும் கேட்ட முதற்கேள்வி: "என்ன சாப்பிட்டனீங்கள்?"

சாப்பிட்டேன் என்றேன். எங்கே என்றாள். கீழே கன்ரீனில் என்றேன். என்ன, எப்படி இருந்தது, ஆர் தந்தது? பொய்க்கு நான் முன்கூட்டியே விவரம் ஆயத்தப்படுத்தவில்லை. நேற்றிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். என்னால் தாங்கமுடியவில்லை. நீர் இப்பிடிக் கிடக்க நான் எப்பிடிச் சாப்பிடுறது எண்டு கத்திப்போட்டன். பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு வாய் இல்லை" என்றாள் சுவரைப் பார்த்தபடி. "உங்கடை வாயாலைதான் இனி. போய்ச் சாப்பிட்டிட்டு வந்து சொல்லுங்கோ."

14.03.1996

வீதிக்கு எதிர்ப்பக்கம் ஜமெய்க்காக் கடை. ஆட்டிறைச்சிக் கறி, சோறு. வெட்கத்தில் விரலால்தான் காட்டினேன். தவக்காலம், ஆனால் வியாழன், வெள்ளியல்ல, ஆகவே பரவாயில்லை. அவளிடம் சொன்னேன். கறிச்சரக்கு வறுத்துப் போட்டிருக்கிறார்களா, பச்சையாகவா என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். நாளை கவனித்து வரச்சொன்னாள். ஆட்டிறைச்சி எனக்கு விருப்பமா என்றும் கேட்டாள்.

யோசித்துவிட்டு, இல்லை, கோழிதான் விருப்பம் என்றேன். நாற்பத்து நான்கு வருடம் ஞாயிறு தவறாமல் எனக்கு ஆட்டுக்கறி ஆக்கித் தந்தவள். கண்ணை மூடிக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். நேர்ஸ் ஓடி வந்தாள்.

22.03.1996, வெள்ளி

சுத்தபோசனம், இறைச்சி கூடாது. போர்த்துக்கீசர் கடை, பஸ்ஸில் இருபது நிமிடம். அவித்த கருவாடும் கிழங்கும். "பாண் வாட்டவேண்டாம்" என்று சொன்னேன். நானாகச் சொன்னது. அவளுக்குப் பெரிய சந்தோசம். பெரிய வெள்ளி வரை இருப்பாளா?

02.04.1996

இன்று என்ன சாப்பிட்டேன் என்று சொல்லி முடிக்குமுன் தூங்கிவிட்டாள். எழுப்பவில்லை. முடிவை மெதுவாகச் சொல்லி முடித்தேன்.

08.04.1996, திங்கள்

ஈஸ்ரர் கழிந்தது. மக்டலீன் தாயின் காலைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொல்லி அழுதாள். வேரோனிக்கா முதன்முறையாகக் கேட்பவள் போலக் கேட்டாள். "பரவாயில்லை பிள்ளை, நீ நல்லாத்தான் மொழிபெயர்த்தனீ" என்றாள். எனக்குக் கண்ணைக் காட்டினாள்.

15.04.1996

பேச்சுக் குறைந்துவிட்டது. விரலை வாய்க்குக் கொண்டுபோய் என்னைக் காட்டுகிறாள். அவ்வளவுதான் கேள்வி. எனக்குப் பசியே இல்லை. தொண்டையால் இறங்குவது மண் மாதிரி. ஆனாலும் போகிறேன். வெறும் வாயோடு அவள் முன்னால் நிற்க முடியாது. இன்று சீனக்கடையில் மீன் கஞ்சி. இஞ்சி கூட. அப்படிச் சொன்னபோது அவள் விரலால் என் உள்ளங்கையில் ஒருமுறை தட்டினாள்.

19.04.1996

காலை ஆறே முக்காலுக்கு.

28.04.1996

வீடு நிறையச் சாப்பாடு. எல்லோரும் கொண்டுவந்து தருகிறார்கள். அருள்நாயகம் ஒரு தட்டு நிறையப் போட்டுத் தந்தார். எதையும் தொடவில்லை. மூன்று நாள் தேத்தண்ணி மட்டும். மகள் திட்டுகிறாள். அவள் மில்லிக்கனுக்கு வரச்சொல்கிறாள். யோசிக்க வேண்டும். எதை யோசிப்பது? எழும்பி நின்றால் தலை சுற்றுகிறது. இப்படியே விட்டால் என்ன என்றும் தோன்றுகிறது.

04.05.1996, சனி

நடந்துபோனேன். மோர்னிங்சைட் பிளாசாவில் புதிதாகத் திறந்திருக்கும் கடை, எங்கள் ஆட்களுடையது. வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். எனக்குப் பின்னால் ஒரு குடும்பம் வந்து நின்றது. அவர்களை முன்னே விட்டேன். அடுத்து இன்னொருவர், அவரையும் விட்டேன். பிறகு விடவில்லை.

கல்லாவில் நின்ற பிள்ளை, "அங்கிள், என்ன வேணும்?" என்றது.

"இடியப்பம் ஆறு. கோழிக்கறி. ஆட்டுக்கறி வேண்டாம். சொதி இருந்தால் தாரும் பிள்ளை, புளி கொஞ்சம் கூட."

"ரேக்கவுட்டோ, இருந்து சாப்பிடுறீங்களோ?"

"இருந்து."

"எத்தினை பேர்?"

ஒராள் என்றேன். குரல் சரியாக வரவில்லை. திரும்பச் சொன்னேன்.

யன்னலோர மேசை. நான்கு இடியப்பம் சாப்பிட்டேன். கோழி கொஞ்சம் அவிந்தது காணாது. சொதி நல்லது. எழும்பி வரும்போது, கோழி இன்னும் அவியவேணும் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டும் வந்தேன். வீட்டுக்கு வந்து சொல்ல ஆளில்லாததால் இங்கே எழுதுகிறேன்.

எழுதிவிட்டு முதற்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். படம் கையளிக்குமுன் சரிபார்ப்பது பழக்கம். முதல் நான்கும் அந்தந்த அளவுக்குச் சரி. ஆறாவது தானாகத் தீர்ந்தது. ஐந்தாவதை, ஏற்பாடு முழுவதும் அவளுக்காக, எனக்கு எதுவும் போதும் என்றதை, திரும்ப வாசித்தேன். ஏழு கரண்டிக்கு மேல் குடிக்க முடியாது என்று தெரிந்த ஒருத்தி, எதற்காகத் தீவுக்குப் போய்ச் சாப்பிடவேண்டும் என்று கேட்டாள், எதற்காகக் கொப்பியை எடுத்து வைத்தாள், யாரைச் சாப்பிடப் பழக்கினாள் என்று இவ்வளவு படித்தும் எனக்கு இன்றைக்குத்தான் எட்டியது.

அந்த இலக்கத்தை வெட்டவில்லை. பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு சொல் எழுதினேன்: பிழை.